தம்பி சொன்ன திருத்தம்

சாப்பாட்டோடு நடக்கும் கூட்டத்தில் பேச்சை முதலில் வைப்பதா, சாப்பாட்டை முதலில் வைப்பதா என்பது லேசில் தீராத வழக்கு. சாப்பாட்டை முதலில் போட்டால் கேட்பவர்கள் தூங்கிவிடுவார்கள். பேச்சை முதலில் வைத்தால் பேச்சாளரே அடுக்களைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பாதியை விழுங்கிவிடுவார். நான் செயலாளராக வந்த பிறகு ஒரு வழி செய்தேன். முதலில் சூப், அப்புறம் பேச்சு, அப்புறம் சாப்பாடு. அரைப் பசியில்தான் மனிதர்கள் நன்றாகக் கேட்கிறார்கள். எங்கள் நிலவியல் சங்கத்துக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று தலைவர் வேடிக்கையாகச் சொல்வார்.

நீங்கள் ஆய்வகக்காரரைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். தெரியும். அவர் விஷயத்துக்குத்தான் வருகிறேன். ஆனால் சங்கத்தைப் பற்றித் தெரியாமல் கேட்டால் உங்களுக்குப் பாதிதான் புரியும். விசாரணை அதிகாரிக்குப் பாதி புரிவது யாருக்கும் நல்லதில்லை. மின்விசிறியை வேண்டுமானால் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

மாதத்தின் முதல் புதன்கிழமை, கடைவீதி விடுதியின் மாடி அறையில் கூடுவோம். நீள மேசை, வெள்ளை விரிப்பு, ஓரத்தில் சுருங்கித் தொங்கும் ஒரு திரை. கனிமம் தேடும் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள், ஓய்வுபெற்ற நில அளவைக்காரர்கள், கல்லூரி ஆசிரியர்கள், துளை போடும் இயந்திரம் வைத்திருப்பவர்கள், நகராட்சியின் குடிநீர்ப் பொறியாளர் என்று ஒரு கலவை. எங்கே தேடினோம், என்ன கிடைத்தது என்பதுதான் பேச்சு. பெரும்பாலும் என்ன கிடைக்கவில்லை என்பது. பாறையைப் படம் எடுக்கும்போது அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் சுத்தியலை வைப்பார்கள். ஒருவர் தன் மாமியாரை நிற்கவைத்து எடுத்திருந்தார். அன்றைக்குப் பாறையைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. தலைவர் பழைய வரைபடக்காரர். சூப் முடிந்ததும் கண்ணை மூடிக்கொள்வார், கைதட்டல் கேட்டதும் விழித்து, “ஆழம் எவ்வளவு?” என்று கேட்பார். எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிற கேள்வி.

யார் எந்த மாதம் பேசுவது என்பதை முடிவு செய்கிறவள் நான். அது ஒரு அதிகாரம் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

என் தம்பியும் உறுப்பினர். கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்தான். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போகும்போது தம்பி பால்பல் விழாத பையன். நான் அப்போதுதான் கனிமம் தேடும் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். தலை வாரிவிட்டு, சாப்பாடு கட்டிக்கொடுத்து, காய்ச்சல் வந்தால் விடுப்புப் போட்டு வளர்த்தேன். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், “இவன் ஒரு நிலைக்கு வரட்டும்” என்றேன். அவன் ஒரு நிலைக்கு வந்தபோது பேச்சு வருவது நின்றிருந்தது. குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் ஒருவருக்கொருவர் என்னவாக இருந்தோம் என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

அவன் கட்டிக்கொண்ட பெண் பள்ளிச் சீருடை தைப்பவள். மலைக்கு அடியில் உள்ள கீழ்க் குடியிருப்பில் அவளுடைய அப்பா கட்டிய வீடு இருந்தது. தம்பி அங்கேயே போய் இருந்துவிட்டான். ஒரே பெண் குழந்தை. அவளை நாங்கள் பொடிசு என்று கூப்பிடுவோம். வளர்ந்த பிறகும் அதே பெயர்தான். அந்தக் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. தெருவுக்கு ஒன்றாக எட்டுக் கிணறுகள்.

அந்த மலைதான் என் வாழ்க்கையின் பெரிய வேலை. தங்கத்தை நேராகத் தேடினால் அகப்படாது. அதோடு சேர்ந்து இருப்பதைத் தேட வேண்டும். ஆர்சனிக் அப்படிப்பட்டது. பழைய பெயர் பாஷாணம். தங்கம் உள்ள பாறைகள் பலவற்றில் அதுவும் இருக்கும். தங்கம் துளிதான் இருக்கும். பாஷாணம் தாராளமாக இருக்கும், மேல்மண்ணிலேயே அடையாளம் காட்டும். நான் அந்த மலையை அங்குலம் அங்குலமாக நடந்து, மண் எடுத்து, பாஷாணம் அதிகமாக இருந்த இடங்களைச் சிவப்பாகக் குறித்து ஒரு படம் வரைந்தேன். அதைச் சங்கத்தில் திரையில் போட்டபோது சூப் கரண்டிகளின் சத்தம் நின்றது. சிவப்பு, மலையின் கீழ்ச்சரிவில் கவிழ்த்துப் போட்ட கை மாதிரி குடியிருப்பின் ஓரம்வரை வந்திருந்தது. முதலில் எழுந்து கைதட்டியவன் என் தம்பி. அன்றைக்குத் தலைவர் கேட்ட ஆழம் எவ்வளவு என்ற கேள்விக்கு முதல் தடவையாக ஒரு அர்த்தம் இருந்தது.

துளைகள் போட்டோம். எளிமையாகச் சொல்கிறேன். மேலே ஒரு நீரடுக்கு. எட்டுக் கிணறுகளும் அதில் ஊறுபவை. அதற்குக் கீழே இறுகிய களிமண். அதற்கும் கீழே நாங்கள் தேடிய பாறை. அந்தப் பாறையிலும் தண்ணீர் இருந்தது, அந்தத் தண்ணீரில் பாஷாணம் இருந்தது. களிமண் இருக்கும்வரை மேலும் கீழும் கலக்காது. துளை போட்டால் களிமண்ணில் ஓட்டை விழும். கீழேயுள்ள தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் வழி கிடைத்தால் மேலே ஏறும். ஆகவே வேலை முடிந்ததும் துளையை அடியிலிருந்து நுனிவரை சிமெண்டுக் கரைசலால் அடைக்க வேண்டும்.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. இயந்திரத்தை உடனே வெளியே கொண்டுவராவிட்டால் சேற்றில் சிக்கி அந்தப் பருவமே போய்விடும். மேலே கட்டை வைத்து மண் போட்டு மூடுங்கள், மழை விட்டதும் வந்து அடைத்துக்கொள்ளலாம் என்றேன். மழை விட்டது. வேறு வேலை வந்தது. அடைக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டேன். எல்லா இடத்திலும் நடப்பதுதான். இதைக் குற்றமாக எழுதினால் எங்கள் மாடி அறையில் பாதி நாற்காலிகள் காலியாகும்.

சில வருடங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து ஒரு பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தான். உள்ளே, தண்ணீரில் பாஷாணம் இருக்கிறதா என்று பார்க்கும் கல்லூரிச் சோதனைப் பெட்டியின் தாள்கள். வெள்ளையாக இருக்க வேண்டியவை. காய்ந்த இலை நிறத்தில் இருந்தன.

“அக்கா, எட்டுக் கிணத்துல அஞ்சு இப்படி இருக்கு. என் மாமியார் உள்ளங்கையப் பாத்தியா? புள்ளி புள்ளியா, தோல் தடிச்சுப்போய். எங்க தெருத் தச்சருக்கும் அப்படித்தான். நம்ம துளையெல்லாம் சரியா அடைச்சாச்சுல்ல?”

நம்ம துளை என்றான். அவன் அப்படித்தான். என்னுடைய எதையும் என்னுடையது என்று மட்டும் சொன்னதில்லை.

“அடைச்சதுன்னு கையெழுத்து இருக்குடா,” என்றேன்.

அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. அப்படியென்றால் பாறையில் ஏதோ வெடிப்பு இருக்க வேண்டும் என்றான். அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தில் பேசத் தேதி கேட்டான். அதிலும் அவன் கணக்கு சரிதான். கம்பெனி ஆட்கள், குடிநீர்ப் பொறியாளர் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் ஊரில் அது ஒன்றுதான். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதைவிட அரைமணி நேரப் பேச்சில் காரியம் முடியும்.

அந்த மாதம் வைரம் தேடுகிறவர் ஒருவர் வெளியூரிலிருந்து வருவதாக இருந்தது. பயணச்சீட்டு எடுத்தாயிற்று. அடுத்த மாதம் தலைவருக்கு மணிவிழா. அதற்கடுத்த மாதம் விடுதி மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். எல்லாமே உண்மையான காரணங்கள், நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். கம்பெனி அந்த மலையில் சுரங்கம் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க இருந்த சமயம் அது. திறந்தால் ஆற்றிலிருந்து குடியிருப்புக்குக் குழாய் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றும். தம்பியின் பேச்சு நடந்தால் கம்பெனி மூட்டையைக் கட்டிவிடும். குழாயும் வராது, வேலையும் வராது, கிணறு மட்டும் அப்படியே இருக்கும். கொஞ்ச காலம் பொறுத்தால் எல்லாம் தானாகச் சரியாகும். பொறுக்கப்போவது யார் என்பதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அவர்கள் நன்மைக்குத்தானே என்று நினைத்தேன்.

தம்பி இதற்குள் சும்மா இருக்கவில்லை. ஐந்து கிணறுகளின் சுவரிலும் சிவப்புச் சாயம் அடித்துவிட்டான். பெண்கள் மூன்று தெரு தாண்டி, மீதமிருந்த கிணறுகளில் வரிசையில் நின்றார்கள். இடுப்பு ஒடிகிறது என்று தம்பி மனைவியிடம் சண்டைக்கு வந்தார்கள். அவளும் அந்த வரிசையில்தான் நின்றாள். வயிற்றில் இரண்டாவது குழந்தை இருந்தது. ஒரு நாள் தம்பி என்னிடம் வந்து, குரலை உயர்த்தாமல், “அக்கா, நீ தேதி குடுக்கலைன்னா நான் கேள்வி நேரத்துல எழுந்து நின்னு சொல்லிடுவேன்,” என்றான்.

நான் அவனுக்கு எதிராக ஒன்றும் சொல்லவில்லை. சோதனைத் தாளை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய விஷயத்தைப் பேசினால் மேசையில் உள்ளவர்கள் உன்னைக் கிழித்துவிடுவார்கள் என்றேன். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு தண்ணீரில் இருந்தாலும் தாள் நிறம் மாறும். அது அவனுக்கும் தெரியும். நகரத்து ஆய்வகத்தில் கொடுத்து எண்ணாக வாங்கு, எண் கெட்டதாக வந்தால் அரைமணி இல்லை, முழுக் கூட்டத்தையும் உனக்குத் தருகிறேன், பக்கத்தில் நானே நிற்கிறேன் என்றேன். அவன் முகம் தெளிந்தது.

“இதுக்குத்தான் அக்கா வேணும்கறது,” என்றான்.

அந்த வியாழக்கிழமை எனக்கு நகரத்தில் வேலை இருந்தது. தம்பி எட்டுப் பாட்டில்களைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தான். பொடிசுதான் பெயர்ச்சீட்டுகளை ஒட்டியிருந்தாள். ஒன்று கோணலாக இருந்தது. நான் ஆய்வகத்தில் எட்டுப் பாட்டில்களைக் கொடுத்தேன். ஆய்வகக்காரர் மிகவும் கவனமானவர். ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளப்பார். அந்த வாரமே எண் வந்தது. எட்டும் சுத்தம்.

இப்போது அவர் தவறாக அளந்ததாகச் சொல்லி வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறீர்கள். ஒரு மனிதனின் முப்பது வருட வேலையை அப்படிச் சொல்லக் கூடாது. அவர் சரியாகத்தான் அளந்தார். அவரிடம் போனது அந்தக் கிணறுகளின் தண்ணீர் இல்லை.

புறப்படும் முன் என் அடுக்களைத் தொட்டியில் எட்டுப் பாட்டில்களையும் கவிழ்த்தேன். நடுப்பகலில்தான், யாருக்கும் ஒளிந்து செய்யவில்லை. ஒவ்வொன்றையும் மூன்று முறை அலசினேன், அதுதான் முறை. எட்டிலும் ஒரே தண்ணீர் இருந்தால் எண்களும் ஒன்றாக வரும், தம்பி கெட்டிக்காரன், கண்டுபிடித்துவிடுவான். ஆகவே சிலவற்றை வீட்டுக் குழாயிலும், சிலவற்றை அலுவலகத்திலும், வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்திலும் நிரப்பினேன். இரண்டில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். ஒரு சீட்டு நனைந்து எழுத்துக் கலங்கியது. தம்பியின் கையெழுத்து எனக்கு நன்றாக வரும். சின்ன வயதில் அவன் பள்ளி விடுப்புக் கடிதங்களையெல்லாம் எழுதியது நான்தானே.

எண் வந்த அன்று மாலை அவன் என் வீட்டுக்கு வந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். அவனுக்கு நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவன் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

“எல்லாரையும் பயமுறுத்திட்டேனேக்கா. வயித்துப் புள்ளக்காரிய வரிசையில நிக்க வெச்சேனே.”

மறுநாள் அவனே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றுச் சுவர்களில் இருந்த சிவப்புச் சாயத்தைச் சுரண்டினான். போகாத இடத்தில் சுண்ணாம்பு பூசினான். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, முதல் வாளியை இறைத்து, எல்லோர் முன்னாலும் ஒரு செம்பு குடித்தான். எனக்கு இதைத் தம்பி மனைவிதான் சொன்னாள். ஊரே சிரித்தது, அவரும் சிரித்தார் அண்ணி என்றாள்.

தேதி கேட்டான். இந்தத் தடவை நான் தள்ளிப்போடவில்லை. தப்பாகச் சொன்னவன் திருத்தத்தையும் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும் என்றான். அது அவனுடைய குணம், நான் வளர்த்த குணம் என்றும் சொல்லலாம். வருகிற புதன்கிழமையே வைத்துக்கொள் என்றேன்.

சங்கத்தின் கூட்டங்களில் அவ்வளவு நல்ல பேச்சை நான் கேட்டதில்லை. சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். தாள்களின் படங்களைக் காட்டினான். எங்கே அவசரப்பட்டான், எதைச் சரிபார்க்காமல் விட்டான், ஒரு நிறமாற்றத்தை வைத்துக்கொண்டு ஒரு குடியிருப்பையே எப்படி அலைக்கழித்தான் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். குடிநீர்ப் பொறியாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கடைசியில் தம்பி, “என் அக்கா தடுக்கலைன்னா போன மாசமே இங்க வந்து உளறியிருப்பேன்,” என்றான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கைதட்ட ஆரம்பித்தேன். அறை முழுக்கத் தட்டியது. தலைவர் விழித்துக்கொண்டு, “ஆழம் எவ்வளவு?” என்றார்.

“என் முட்டாள்தனத்துக்கா சார்?” என்றான் தம்பி.

அந்தச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சாப்பிட்டோம். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டான்.

மறுவருடம் கம்பெனி மலையைக் கைவிட்டது. பாஷாணம் காட்டிய அளவுக்குத் தங்கம் இல்லை. குழாய் வரவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. நானும் யோசித்தேன். சொன்னால் தண்ணீரைப் பற்றி மட்டும் சொன்னதாக முடியாது. பாட்டில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒரே ஆளை. அந்த ஆளையும் அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்வதா? தண்ணீர் மெதுவாக வேலை செய்யும். உண்மை உடனே செய்யும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால் பேசாமல் இருப்பதே இரக்கம் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. என் தண்ணீரை நானே பாட்டிலில் கொண்டுபோவேன். ஏன் என்று கேட்டபோது, எனக்கு இதுதான் ஒத்துக்கும் என்றேன். தம்பி மனைவிக்கு இரண்டாவது குழந்தை தங்கவில்லை. அதற்கடுத்ததும் தங்கவில்லை. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் நான். “நீங்க இல்லைன்னா நான் என்ன ஆவேன் அண்ணி,” என்று அழுதாள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார் அங்கிருந்த டாக்டர். அவளும் பெரிய பானையில் தளதளவென்று கொதிக்கவிடுவாள். பாஷாணம் கொதித்தால் போகாது. தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும், மிச்சத்தில் அது இன்னும் கெட்டியாகும். “ரொம்ப நேரம் கொதிக்க விடாதம்மா, கேஸ் வீணாப் போகும்,” என்று அவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். என்னால் முடிந்ததைச் செய்யாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு தடவை நல்ல வெயில். நான் வாசலில் நுழையும்போதே பொடிசு ஓடிப்போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். “அத்தை, உங்க மூஞ்சி எப்படிச் செவந்திருக்கு பாருங்க. குடிங்க முதல்ல.” வாங்கிக்கொண்டேன். ஒரு டம்ளரில் ஒன்றும் ஆகாது, அளவுகள் எனக்கு மனப்பாடம். அவள் விசிறி எடுக்க உள்ளே போனபோது பக்கத்திலிருந்த தொட்டிச் செடியில் ஊற்றிவிட்டேன். அந்தச் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பொடிசு வந்து காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, “இன்னும் வேணுமா?” என்றாள்.

தம்பியின் மாமியார் முதலில் போனார். வயதானவர், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தச்சருக்குக் கால் விரல்கள் கறுத்து, பிறகு காலையே எடுத்தார்கள். மூன்றாம் தெருவில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் உள்ளங்கையை மூடிக்கொண்டே பேசுவார்கள். தம்பிக்கு விரல் நுனிகள் மரத்தன. கல்லைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தே பெயர் சொல்லுகிறவன், வகுப்பில் ஒரு கல்லைத் தூக்கி வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு மாணவர்களிடம், “சொரசொரப்பா இருக்கா, வழவழப்பா இருக்கா, நீங்களே சொல்லுங்கப்பா,” என்றானாம். அதை என்னிடம் ஜோக்காகச் சொன்னான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அன்று இரவு சாப்பிடவில்லை. எனக்கும் துக்கம் உண்டு என்பதை எழுதிக்கொள்வீர்களோ மாட்டீர்களோ தெரியாது.

என் வீட்டிலேயே வந்து இருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். மாமனார் வீடு, பூட்டிப்போட மனசு வரவில்லை என்றான். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறாய் என்று அவன் ஒரு தடவை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தனியாக இருக்கிறாள், அதனால் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். மாதம் இரண்டு நாள் கூடுதலாக வந்து போக ஆரம்பித்தான்.

கடைசியில் சிறுநீரில் ரத்தம் போயிற்று. புற்று என்றார்கள். ஆஸ்பத்திரியில் சன்னல் ஓரக் கட்டில் கிடைத்தது. பகலில் தம்பி மனைவி இருப்பாள், சாயங்காலம் நான். அவன் கைகள் போர்வைக்கு மேலே இருக்கும், உள்ளங்கை மேலாக. தடித்து, புள்ளி விழுந்து, பழைய வரைபடம் மாதிரி. நிலவியல்காரன் அல்லவா, அவனே அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஒரு நாள் சாயங்காலம் கேட்டான்.

“அக்கா, அன்னைக்கு லேப்ல தப்பா அளந்திருப்பாங்களோ?”

“இல்லடா. அந்த மனுஷன் ரெண்டு ரெண்டு தடவை அளக்கறவரு. தப்பே பண்ணியிருக்க மாட்டாரு.”

“பாட்டில் மாறியிருக்குமோ?”

“நீ குடுத்த பாட்டிலத்தான்டா நான் குடுத்தேன். அந்தக் கோணல் சீட்டு ஒட்டினது உட்பட.”

கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். “அப்ப என் கை இப்படி இருக்கறதுக்கு வேற ஏதோ காரணம்,” என்றான். அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அது நன்றாகக் கேட்டது. தாகம் என்றான். என் பாட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டான். பொடிசுதான் அவன் கண்களைக் கையால் மூடினாள். அவள் உள்ளங்கையை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அங்கே புதிதாக வந்த பெண் டாக்டர் ஒருத்தி அவன் முடியில் கொஞ்சமும் நகத்தில் கொஞ்சமும் வெட்டி எங்கோ அனுப்பியிருக்கிறாள். அதில் பாஷாணம் வந்தது, கிணறுகளைச் சோதித்தார்கள், அதிலும் வந்தது. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். பழைய எண்ணைத் தேடி எடுத்து ஆய்வகக்காரரைப் பிடித்தீர்கள். நேற்று அவர் இங்கே வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். சட்டையில் பித்தான் மாறிப் போட்டிருந்தது. “மேடம், நான் சரியாத்தானே அளந்தேன்? ராத்திரியெல்லாம் அதையேதான் நினைச்சுப் பாக்கறேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியல மேடம்,” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தப்பும் செய்யாதவர் தன்னைச் சந்தேகப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே உங்களை வரச்சொன்னேன்.

எழுதிக்கொள்ளுங்கள். துளைகளை அடைக்காமல் விட்டது நான். தண்ணீரை மாற்றியது நான். கிணறுகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தே அந்தக் குடியிருப்பைக் குடிக்கவிட்டது நான். என் தம்பியைக் கொன்றது எது என்று தலைப்பு எழுதினால் அதற்குக் கீழே என் பெயரைப் போடலாம், நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆய்வகக்காரரை நாளைக்கே வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி மனைவியிடம் நீங்கள் எப்படியும் போய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் அழுவாள், என்னைப் பற்றி என்னென்னவோ சொல்வாள், அது இயற்கை. அவள் கொஞ்சம் அடங்கியதும் ஒன்றை மட்டும் எனக்காக எடுத்துச் சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் அவளிடமோ என் தம்பியிடமோ நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. நிதானமாக யோசித்துப் பார்த்தால் அவளுக்கே அது விளங்கும்.